நம் வகுப்புக்கு மட்டும்

ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். அம்மா நலம். அப்பாவுக்கு முதுகுவலி, ஆனால் பெல்ட் போட மாட்டேன் என்கிறார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கண்ணாடி மாற்றிவிட்டீர்களா?

இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. இருக்கும் ஒரே போன் அப்பாவிடம் இருக்கிறது. அதனால் எல்லோரும் தூங்கியபின் கடைக்குள் வந்து, ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை மாடியில் இருக்கும் தையல் அக்கா பெயருக்குப் போடுங்கள். அவரிடம் சொன்னபோது, "யாருடி அது, லவ் லெட்டரா?" என்றார். அத்தைக்கு என்றேன். "அதுக்கா இப்படி நடுங்கறே? உங்க அத்தை கடிப்பாங்களா?" என்று சிரித்தார்.

விஷயம் எங்கள் அறிவியல் டீச்சரைப் பற்றியது. எங்கள் பாடப்புத்தகத்தில் ஒளியைப் பற்றி ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. அது போதாது என்று போன வருடம் டீச்சர் தன் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். விலை கூடிய புத்தகம், பள்ளி நூலகத்தில் கிடையாது. அதில் வேண்டிய பக்கங்களை மட்டும் நம் கடையில் ஜெராக்ஸ் எடுத்து எங்களுக்குக் கொடுத்தார். முதலில் ஒரு நகல் எடுத்து, அதன் அடியில் பேனாவால் புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், பக்கம் எல்லாம் எழுதுவார். அதற்குக் கீழே, "நம் வகுப்புக்கு மட்டும். விற்பனைக்கு அல்ல" என்று ஒரு வரி. அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் நகல் போடச் சொல்வார். "அடுத்தவங்க உழைப்ப எடுக்கறோம். யாரோடதுன்னாவது சொல்லிட்டு எடுப்போம்," என்பார்.

போன வாரம் அந்தப் புத்தகக் கம்பெனியிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்தார். டியூஷன் சென்டர்களில் அந்தப் புத்தகத்தை முழுசாக ஜெராக்ஸ் போட்டு, ஸ்பைரல் செய்து விற்கிறார்களாம். அதில் பல பக்கங்களின் அடியில் டீச்சரின் கையெழுத்து இருக்கிறது. புத்தகத்தின் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெயர் இருக்கிறது. கடைசி வரி மட்டும் இல்லை. டீச்சர்தான் புத்தகம் போட்டு விற்றார் என்று இப்போது விசாரணை.

நேற்று மாலை டீச்சர் கடைக்கு வந்தார். நான் பின்னால் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, ஒரு உதவி. நான் எந்தெந்தப் பக்கம் எடுத்தேன்னு நீங்க ஹெட்மாஸ்டர்கிட்ட வந்து சொன்னா போதும்."

அப்பா பேப்பர் ட்ரேயைத் திறந்து மூடினார். "எத்தனையோ பேர் வர்றாங்க டீச்சர். யாரு எத்தனை பக்கம்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"முழுப் புத்தகமும் எடுக்கச் சொல்லல. அது ஞாபகம் இருக்கும்ல?"

"இந்த மெஷினுக்குக் கண்ணு மட்டும்தான் டீச்சர் இருக்கு. வாய் கிடையாது."

டீச்சர் மரியாதைக்குச் சிரித்தார். போகும்போது என்னைப் பார்த்து, "இவளாவது பேசுவா," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் ஒரே இடத்தில் இரண்டு தடவை ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன்.

நீங்கள் வக்கீல் ஆபீசில் இருக்கிறீர்கள். டீச்சர் செய்தது தப்பா? அவருக்கு வேலை போய்விடுமா? இதை மட்டும் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மிளகு


ஜூலை 17

அன்புள்ள மிளகு,

உன் கடிதம் கிடைத்தது. ஆபீசில் தபால் பிரிப்பது நான்தான் என்பதால் வேறு யாரும் பார்க்கவில்லை. நான் நலம். கண்ணாடி மாற்றிவிட்டேன். இப்போது எல்லா எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது, அதில் பெரிய சந்தோஷம் ஒன்றுமில்லை. நேற்று ஒருவருக்கு 'இறுதி எச்சரிக்கை' அடிக்கச் சொன்னார் வக்கீல். அதே ஆளுக்கு நான் அடிக்கும் நாலாவது இறுதி எச்சரிக்கை அது.

பயப்படாதே. பதிப்புரிமை என்பது எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் உள்ள உரிமை. ஆனால் வகுப்பில் பாடம் நடத்துவதற்காக ஆசிரியர் சில பக்கங்களை நகல் எடுத்துக் கொடுத்தால் சட்டம் அவரைத் திருடி என்று சொல்வதில்லை. எத்தனை பக்கம் வரை என்று யாரும் அளந்து வைக்கவில்லை. நியாயமான அளவுதானா, காசு வாங்கினாரா, அதனால் புத்தக விற்பனை கெட்டதா என்று பார்ப்பார்கள். உன் டீச்சர் மூன்றிலும் சுத்தமாக வெளியே வந்துவிடுவார், அவர் எடுத்தது அவ்வளவுதான் என்று காட்ட முடிந்தால்.

முழுப் புத்தகத்தையும் போட்டு விற்றவன் கதை வேறு. அவன் யார் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணனைப் பெல்ட் போடச் சொல். மை தடவிக் கையால் சுற்றுகிற பழைய மெஷினில் ராத்திரி பகலாகக் குனிந்து நின்று, என்னைத் தட்டச்சு வகுப்பில் சேர்த்த முதுகு அது. அம்மாவை நான் விசாரித்ததாக அவளிடம் சொல்லிவிடாதே, கடிதம் வருவது தெரிந்துவிடும்; விசாரித்தேன் என்று நீ மட்டும் வைத்துக்கொள்.

அன்புடன்
அத்தை


ஜூலை 24

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உங்கள் கடிதத்தைத் தையல் அக்கா ஒரு ரவிக்கைத் துணிக்குள் சுருட்டிக் கொடுத்தார். படித்ததும் முதல் பாதிக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். இரண்டாம் பாதிக்கு வேறு அழுகை.

நீங்கள் கேட்காததைச் சொல்லிவிடுகிறேன். விற்றது அப்பா.

போன வருடம் ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்தது. "புத்தகத்த வெச்சிட்டுப் போங்க டீச்சர், காலைல தர்றேன்," என்று அப்பா சொன்னார். டீச்சரும் நம்பி வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு அப்பா முழுப் புத்தகத்தையும் எடுத்துவிட்டார். டீச்சர் ஏற்கெனவே எடுத்த பக்கங்களின் முதல் நகல் கடையிலேயே கிடந்தது. "இருக்கற பக்கத்த எதுக்கு மறுபடி எடுக்கணும், டோனர் என்ன சும்மாவா வருது?" என்று அதையே உள்ளே சேர்த்துவிட்டார். டீச்சரின் கையெழுத்து புத்தகத்துக்குள் போனது அப்படித்தான். அந்தச் சிக்கனத்தை அவர் செய்யாமல் இருந்திருந்தால் டீச்சர் பெயரே வந்திருக்காது.

காலையில் என்னைக் கூப்பிட்டு, அந்தத் தாள்களின் கடைசி வரி மேல் வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டச் சொன்னார். மேல் வரி இருக்கட்டும், அது இருந்தால்தான் ஒரிஜினல் மாதிரி இருக்கும் என்றார். நான் பில் புத்தகத்தின் ஓரத்தை வெட்டி ஒட்டினேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

ஒட்டின துண்டின் விளிம்பு ஜெராக்ஸில் முடி மாதிரி மெல்லிய கோடாக விழும். அப்பா மெஷினில் நகலின் கறுப்பைக் குறைத்து வைத்தார். சில பக்கங்களில் போயிற்று, சில பக்கங்களில் போகவில்லை.

விசாரணை அடுத்த மாதம் 28-ந் தேதி. எங்கள் வகுப்பில் பழைய தாள்களை வைத்திருந்த நாலைந்து பேர் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தோம். கடைசி வரி அதில் அப்படியே இருக்கிறது. ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வரிய நீங்க இப்போகூட எழுதி நகல் போட்டிருக்கலாமே," என்றாராம். டீச்சர் வகுப்பில் விற்பனைப் பிரதியின் ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "மெஷின் கோளாறு போல," என்று மடித்து வைத்துவிட்டார்.

நான் துண்டு ஒட்டின தாள்கள் இன்னும் கடையில்தான் இருக்கின்றன, மைத்தூள் வந்த காலி டோனர் பெட்டிக்குள். துண்டை உரித்தால் கீழே டீச்சரின் பேனா மை இருக்கும். அதைக் காட்டினால் டீச்சர் தப்பிவிடுவார். அப்பாவுக்கு என்ன ஆகும் அத்தை?

மிளகு


ஆகஸ்ட் 6

அன்புள்ள மிளகு,

நலமாக இரு. எனக்கு ஜலதோஷம், அதனால் பதில் தாமதமாகிவிட்டது.

வேறு யாருக்கோ கேட்பது போல வக்கீலிடம் கேட்டேன். கடைக்குப் பூட்டு, மெஷினை எடுத்துப் போவார்கள், வழக்கு நடக்கும், உள்ளே போகவும் நேரலாம் என்றார். "யாரும்மா உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார். "பஸ்ல பக்கத்து சீட்ல இருந்தவங்க," என்றேன். "உன் பஸ்ல மட்டும் இப்படி ஆளுங்களா ஏறுவாங்க?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்தத் தாள்கள் கடையில் இருப்பது நல்லதில்லை. யார் கையில் கிடைத்தாலும் ஆபத்து. எல்லாவற்றையும் எடுத்து எனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு. கடை பெயரும் உன் பெயரும் வெளியே வராமல் டீச்சருக்கு உதவ வழி இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். டீச்சரிடம் எதுவும் சொல்லாதே. தையல்காரம்மாவிடமும் சொல்லாதே. நீ நகல் எதுவும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

சரியாகச் சாப்பிடு.

அத்தை


ஆகஸ்ட் 14

அன்புள்ள அத்தைக்கு,

ஜலதோஷம் போயிற்றா? கஷாயம் ஏதாவது குடியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே டோனர் பெட்டியை எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்; இன்று அந்தப் பெட்டியோடு, தையல் அக்கா முகவரியை அனுப்புநராகப் போட்டு, தாள்களை அனுப்பிவிட்டேன். தபாலாபீசில் இருந்தவர், "உள்ள என்னம்மா?" என்று கேட்டார். "அத்தைக்குப் பாடம்," என்றேன். "அத்தைக்குப் பாடம் அனுப்பற முதல் ஆளு நீதான்," என்று முத்திரை குத்தினார். வெளியே வந்து, வெகு நாளைக்குப் பிறகு தலை நிமிர்ந்து தெருவைப் பார்த்து நடந்தேன்.

நீங்கள் சொன்னபடி நகல் எடுக்கவில்லை. மெஷின் பக்கத்திலேயே இருந்தது, ஒரு பொத்தான் தான். ஆனாலும் எடுக்கவில்லை.

இந்த வருடமும் ஒளிப் பாடம் வந்துவிட்டது, ஆனால் டீச்சர் இப்போது தாள் எதுவும் கொடுப்பதில்லை. கண்ணாடியில் ஒளி திரும்புகிற படத்தைக் கரும்பலகையில் வரைகிறார். மணி அடிப்பதற்குள் பாதிதான் வரைய முடிகிறது. அடுத்த வகுப்புக்கு வருகிறவர் அழித்துவிடுகிறார். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பின் பெஞ்சில் ஒருத்தி, "டீச்சர், இந்த வருஷம் பூரா வெளிச்சம் கண்ணாடி வரைக்கும்தான் போகும் போல," என்றாள். டீச்சரே சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அப்பா டோனர் பெட்டியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். ராத்திரி எழுந்து வந்தும் தேடுகிறார். இரண்டு தடவை நான் எழுதிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டார். மெஷினுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாயா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "நான் கடைக்குள்ளயே வர்றதில்லையே," என்றாள்.

28-ந் தேதிக்குள் ஏதாவது செய்துவிடுவீர்கள் அல்லவா?

உங்கள்
மிளகு


ஆகஸ்ட் 25

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? தபால் கிடைத்ததா என்று ஒரு வரி போட்டால் போதும். தையல் அக்காவிடம் காலையிலும் மாலையிலும் கேட்கிறேன். "உனக்கு லெட்டர் வந்தா நான் என்ன காலர்லயா வெச்சுத் தைக்கப் போறேன்?" என்று இன்று கோபித்துக்கொண்டார்.

இன்னும் மூன்று நாள்தான்.

மிளகு


ஆகஸ்ட் 29

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று விசாரணை முடிந்தது. எங்கள் வகுப்பிலிருந்து பழைய தாள் கொடுத்தவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் அறையில் நாற்காலி போதவில்லை, நாங்கள் சுவரோரம் நின்றோம். கம்பெனிக்காரர் மேஜை மேல் ஸ்பைரல் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். நம் கடையின் நீல ஸ்பைரல் கம்பி. எனக்குத் தெரியும்.

அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஞாபகமில்லை என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அதற்கே டீச்சருக்கு வேலை போய்விடுமே என்று பயந்துகொண்டிருந்தேன்.

"முழுப் புத்தகமும் எடுக்கச் சொன்னது டீச்சர்தான் சார். எத்தனை செட் வேணும்னு சொல்லுவாங்க, போட்டுக் குடுப்பேன். எங்க கொண்டு போனாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கூலிக்கு நகல் எடுக்கறவன்."

டீச்சர் எழுந்து, "அண்ணா," என்றார். அப்பா ஹெட்மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாருக்காவது எதாவது சொல்லணுமா?" என்று எங்களைக் கேட்டார்கள். என் பக்கத்தில் நின்றவள், "டீச்சர் நல்லவங்க சார்," என்றாள். "அத யாரும் கேக்கலம்மா," என்றார் ஹெட்மாஸ்டர். நான் வாயைத் திறந்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார், கோபமாக இல்லை, பாவமாக. என் வாய் மூடிக்கொண்டது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை அத்தை. ராத்திரியெல்லாம் டோனர் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்த அப்பா ஒரு வாரமாக எதையும் தேடவில்லை. நன்றாகத் தூங்குகிறார். உங்களோடு போனில் ரொம்ப நேரம் பேசினார் என்று அம்மா சொன்னாள். என்ன பேசினீர்கள்?

மிளகு


செப்டம்பர் 20

அன்புள்ள மிளகு,

நீயும் அம்மாவும் அண்ணனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வேலை கூடிவிட்டது. வக்கீலுக்குப் புதிதாக இரண்டு பெரிய வழக்குகள். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமில்லை. உனக்குப் பரீட்சை நெருங்குகிறதே, கணக்கில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதே. உனக்கு ஒரு சுடிதார்த் துணி எடுத்து வைத்திருக்கிறேன், பச்சை.

தபால் விஷயம் கேட்டிருந்தாய். இப்போதெல்லாம் எது வந்து சேருகிறது, எது வழியில் நின்றுவிடுகிறது என்று சொல்ல முடிவதில்லை. அதைப் பற்றி இனி யோசிக்காதே.

உன் டீச்சர் படித்தவர். இந்தப் பள்ளி இல்லையென்றால் இன்னொரு பள்ளி. உன் அப்பாவுக்கு அந்த மெஷினைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எனக்கு அப்பாவாக இருந்தவரும் அவர்தான். உனக்கு இப்போது புரியாது. புரியும்போது என்னைத் திட்டாதே.

இனி தையல்காரம்மா முகவரிக்கு எழுத வேண்டாம். நான் வீட்டுக்கே எழுதுகிறேன். அண்ணனும் படிக்கட்டும், அதில் என்ன இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்
அத்தை


அக்டோபர் 3

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். அப்பா பெல்ட் போட ஆரம்பித்துவிட்டார். முதுகு தேவலை.

இனிமேல் கடிதம் வராது என்று தையல் அக்காவிடம் சொல்லப் போனேன். "அப்ப இதையும் எடுத்துட்டுப் போ," என்று அளவு எழுதுகிற அட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு அட்டையை உருவிக் கொடுத்தார். பதிவுத் தபால் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை. ஆகஸ்டிலேயே வந்துவிட்டதாம், ஏதோ விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட்டாராம். ஆகஸ்ட் 18 என்று தேதி போட்டு, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது.

டீச்சரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணத்தைக் கடிதத்தில் எழுதியே கொடுத்துவிட்டதால் வேறு பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நேற்று மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். தூரத்தில் பார்த்ததுமே அப்பா சாப்பிடப் போவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். டீச்சர் ஒரு உறையிலிருந்து தன் சான்றிதழ்களை எடுத்து வைத்தார். வேலைக்கு மனு போட வேண்டுமாம்.

"எல்லாம் என்னோடதுதான். எடுக்கலாம்," என்றார்.

நான் மூடியைத் தூக்கி ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசிச் சான்றிதழ் போகும்போது என்னையறியாமல் சொல்லிவிட்டேன். கோடு எப்படி விழுந்தது, துண்டை ஒட்டினது யார், விற்றது யார், எல்லாம். மெதுவாகத்தான் சொன்னேன், உள்ளே கேட்காதபடி. டீச்சர் கவுன்டரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தாளெல்லாம் இப்போ எங்க இருக்கு?"

"அத்தைகிட்ட, டீச்சர். வக்கீல் ஆபீஸ்ல இருக்காங்க."

அவர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. வகுப்பில் யாராவது சரியான விடை சொன்னால் வருமே, அது.

"எந்த அத்தை?"

"அப்பாவோட தங்கச்சி."

டீச்சர் கவுன்டரிலிருந்து கையை எடுத்தார். பிறகு தலையாட்டினார்.

"நான் வந்து சொல்றேன் டீச்சர். ஹெட்மாஸ்டர்கிட்ட. நானே ஒட்டினேன்னு."

"தாளு இல்லாம நீ சொன்னா யாரு நம்புவா? நான் சொல்லிக் குடுத்து அனுப்பினேன்னு சொல்லுவாங்க," என்றார். உள்ளறைத் திரையை ஒரு தடவை பார்த்தார். "சாயங்காலம் நீ இந்த வீட்டுக்குத்தானே வரணும்."

சான்றிதழ்களை ஓரம் தட்டி உறைக்குள் வைத்தார்.

"எவ்வளவு ஆச்சும்மா?"

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். சொன்னேன். கொடுத்தார். வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

நீங்கள் நலமா, அத்தை?

மிளகு